மரத்தடி மண் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும்? அளந்து பார்த்து மரம் தேர்வு செய்யும் முறை

மரம் வைத்தால் நிலத்தடி நீர் உயரும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். எந்த மரம், எந்த மண், எவ்வளவு நெருக்கம் என்பதைச் சொல்லாதவரை அந்தப் பேச்சை நம்பி ஒரு குழிகூடத் தோண்டக் கூடாது. ஒரு மரம் மண்ணைத் தண்ணீர் குடிக்கப் பழக்குகிறது. குடித்த தண்ணீரை அதே மரம் உறிஞ்சி ஆவியாக்கவும் செய்கிறது. முதல் வேலை சருகும் நுண்வேரும் மண்புழுவும் கரையானும் சேர்ந்து செய்வது. இரண்டாவது, வேரின் ஆழத்தையும் இலைப் பரப்பையும் பொறுத்தது. வரவும் செலவும் மரத்துக்கு மரம் மாறும். புங்கமரத்தடியில் ஒரு கணக்கு, தைலமரத்தடியில் வேறொரு கணக்கு.

இந்தக் கணக்கைப் போட ஆய்வகம் தேவையில்லை. ஒரு குழாய்த் துண்டு, ஒரு டின், சமையலறைத் தராசு, ஓவன், கைபேசியில் உள்ள நேரங்காட்டி போதும். ஏரி, கண்மாயின் நீர்ப்பிடிப்பில் மரம் வைக்கும் குழுக்களும், மானாவாரி நிலத்தில் காடு வளர்க்க நினைப்பவர்களும் செய்து பார்க்கக்கூடிய அளவில் கீழே எழுதியிருக்கிறோம். அளவுகள் பெரும்பாலும் தமிழ்நாட்டுச் சமவெளியின் செம்மண், செம்மண் கலந்த மணல் நிலங்களை மனதில் வைத்தவை. மலைக்குத் தனிக் கணக்கு உண்டு. அது கடைசியில் வருகிறது.

இடம் தேர்வு

பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். ஏரிக்கரையில் நிற்கும் வேம்பையும் மேட்டில் நிற்கும் தைலமரத்தையும் ஒப்பிட்டால் கிடைப்பது மண்ணின் வேறுபாடு, மரத்தின் வேறுபாடு அல்ல. ஒரே மண், ஒரே சரிவு, ஏறத்தாழ ஒரே வயது மரங்களாக இருக்க வேண்டும். 10 வயதுக்குக் குறைந்த மரங்களில் வகைக்கு வகை உள்ள வேறுபாடு தெளிவாகத் தெரியாது. ஒவ்வொரு வகையிலும் மூன்று மரங்களாவது எடுங்கள். கூடவே, மரமே இல்லாத திறந்தவெளியில் ஓரிடம்.

அடிமரத்துக்கும் கிளைவிரிவின் விளிம்புக்கும் நடுவில் அளக்க வேண்டும். அடிமரத்தை ஒட்டி அளந்தால் தண்டு வழியே வடியும் மழைநீரும் தடித்த வேர்களும் கணக்கைக் குழப்பும். மாடு படுக்கும் நிழல், ஒற்றையடிப் பாதை, புற்று இருக்கும் இடம் மூன்றையும் விட்டுவிடுங்கள். ஆடுமாடு மிதித்த மண் எந்த மரத்தடியிலும் இறுகித்தான் இருக்கும். அந்தப் பழியை மரத்தின்மேல் போடக் கூடாது.

அக்கம்பக்கத்தில் ஒரு கோயில்காடு இருந்தால் அதுதான் உங்கள் அளவுகோல். புதுக்கோட்டை முதல் கடலூர், விழுப்புரம் வரை உள்ள கோயில்காடுகளில் வீரை, பாலை, காசான், நாவல் எல்லாம் கலந்து நிற்கின்றன. உங்கள் பகுதி மண் தன் முழுத் திறனில் எப்படி இருக்கும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது. ஊர்ப் பெரியவர்களிடமும் பூசாரியிடமும் கேட்டுவிட்டு, மண்ணையும் சருகையும் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு, தோண்டிய இடத்தை மூடிவிட்டு வாருங்கள்.

ஆண்டுக்கு இரண்டு முறை அளக்கலாம்: கோடையில் மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது ஒன்று, வடகிழக்குப் பருவமழைக்கு நடுவே மழை விட்ட இரண்டாம் நாள் ஒன்று. நீர் ஒட்டாத தன்மை கோடையில் மட்டுமே தெரியும். மண்புழுவும் ஈரப்பிடிப்பும் மழைக்காலத்தில் மட்டுமே தெரியும்.

சருகு

50 செ.மீ.க்கு 50 செ.மீ. சதுரச் சட்டம் ஒன்றை மரக்குச்சியில் செய்துகொள்ளுங்கள். அதைத் தரையில் போட்டு, உள்ளே இருக்கும் பச்சைச் செடிகளை வெட்டி நீக்கிவிட்டு, சருகை மூன்றாகப் பிரித்து எடுங்கள்: முழு இலையாக இருப்பது, நொறுங்கி நரம்பு தெரிவது, இலை அடையாளமே இல்லாத கறுத்த மட்கு. மூன்றையும் தனித்தனியாக மூன்று நான்கு நாள் வெயிலில் காயவைத்து, எடை குறைவது நின்றபின் நிறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மூன்றின் விகிதம் நிறையச் சொல்லும். முழு இலை அடர்த்தியாகக் கிடந்து, கீழே மட்கே இல்லாமல் நேராக வெறும் மண் வந்தால், அந்த இலை மட்கத் தாமதமாகிறது, அல்லது ஆண்டுதோறும் யாரோ கூட்டி அள்ளிக் கொளுத்துகிறார்கள். மூன்று அடுக்கும் ஒன்றுக்கொன்று கலந்து, மேலே கொஞ்சமாகவே முழு இலை இருந்தால் மண்ணுயிர்கள் வேகமாக வேலை செய்கின்றன. சருகு குறைவாக இருப்பதைப் பார்த்து மண் ஏழை என்று முடிவுகட்ட வேண்டாம். வாகை, கிளைரிசிடியா மரங்களின் கீழே சில மாதங்களிலேயே சருகு காணாமல் போய்விடும். அது மண்ணுக்குள் போயிருக்கிறது.

சருகே தண்ணீரைப் பிடித்து வைக்கிறது என்ற நம்பிக்கையைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். சட்டத்துக்குள் 250 கிராம் உலர்சருகு கிடைத்தால் சதுர மீட்டருக்கு 1 கிலோ, ஏக்கருக்கு 4 டன். சருகு தன் எடையைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு நீரைப் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால் (ஒரு நாள் ஊறவைத்து, அரை மணி நேரம் வடியவிட்டு எடை போட்டு நீங்களே சரிபார்க்கலாம்) அது 2 மி.மீ. மழைக்குச் சமம், ஏக்கருக்குச் சுமார் 8,000 லிட்டர். ஒரு தூறலோடு தீர்ந்துவிடும். சருகின் உண்மையான மதிப்பு வேறு: மழைத்துளி மண்ணில் நேராக அடித்து மேற்பரப்பை அடைக்காமல் தடுக்கிறது, வெயிலில் மண் வறளாமல் காக்கிறது, மண்புழுவுக்குச் சோறு போடுகிறது. தண்ணீரைப் பிடித்து வைக்கும் வேலை மண்ணுடையது.

சொட்டுச் சோதனை

கோடையில், காய்ந்த மண்ணில் செய்ய வேண்டியது. சருகை மெதுவாக விலக்கி, மண்ணின் மேற்பரப்பில் மருந்துக் குப்பிச் சொட்டானால் பத்துச் சொட்டு நீர் விடுங்கள், ஒவ்வொன்றும் தள்ளித்தள்ளி. சொட்டு உறிஞ்சப்பட எத்தனை நொடி ஆகிறது என்று குறியுங்கள். பிறகு 2 செ.மீ. மண்ணைச் சுரண்டிவிட்டு மறுபடியும், 5 செ.மீ. ஆழத்தில் மறுபடியும் செய்யுங்கள்.

5 நொடிக்குள் மறைந்தால் மண்ணில் கோளாறு இல்லை. 5 முதல் 60 நொடி என்றால் லேசான நீர் ஒட்டாமை. ஒரு நிமிடம் முதல் பத்து நிமிடம் வரை கடுமை. பத்து நிமிடத்துக்கு மேலும் சொட்டு முத்தாகவே நின்றால் மிகக் கடுமை. பத்துச் சொட்டுகளின் சராசரியை எடுக்காமல், நேரங்களை வரிசைப்படுத்தி நடுவில் வரும் மதிப்பை எடுங்கள். ஒரே ஒரு சொட்டு ஐந்து நிமிடம் நின்றால் சராசரி பொய்சொல்லும்.

தைலமரத் தோப்பின் கீழும் பைன் மரத்தின் கீழும் கோடையில் இந்தச் சோதனை பெரும்பாலும் தோற்கும். அவற்றின் இலையில் உள்ள மெழுகும் எண்ணெயும் பிசினும், அவற்றை மட்கவைக்கும் பூஞ்சையின் இழைகளும் மண்துகள்மேல் மெல்லிய பூச்சாகப் படிந்து நீரைத் தள்ளுகின்றன. மணல் அதிகமான மண்ணில் இது இன்னும் கடுமை. மணல்துகளின் மொத்தப் பரப்பு குறைவு, அதனால் கொஞ்சப் பூச்சே எல்லாத் துகளையும் மூடிவிடும். தோப்பில் தீ பிடித்திருந்தால் மேற்பரப்பில் சொட்டு உடனே மறைந்து, 2 செ.மீ. கீழே நிற்கலாம். வெப்பத்தில் ஆவியான பூச்சு கீழிறங்கிக் குளிர்ந்த மண்ணில் படிந்திருக்கும். மேலே மட்டும் சோதித்துவிட்டுப் போகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

இதனால் என்ன நட்டம் என்றால், கோடைமழையும் பருவத்தின் முதல் மழையும் உள்ளே இறங்காமல் வழிந்தோடும். அடுத்தடுத்த மழையில் நனைந்தபின் பூச்சின் வேகம் குறைந்து மண் நீரை ஏற்கும். அதனால் நவம்பரில் மட்டும் அளந்தால் தைலமரத்தடி மண்கூட நல்ல மண்ணாகத் தெரியும்.

வளையச் சோதனை

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

உள்விட்டம் 15 செ.மீ., உயரம் 15 செ.மீ. உள்ள இரும்புக் குழாய்த் துண்டு ஒன்று. ஒரு விளிம்பை அரத்தால் வெளிப்பக்கமாகச் சரித்துக் கூராக்குங்கள். பி.வி.சி. குழாயும் ஆகும், ஆனால் கோடைச் செம்மண்ணில் அடிக்கும்போது உடைந்துவிடும். வெளியே 7 செ.மீ. உயரத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

சருகை விலக்கிவிட்டு, மண்ணைக் கிளறாமல், வளையத்தை வைத்து, மேலே ஒரு பலகையைப் போட்டுச் சுத்தியலால் கோடுவரை நேராக இறக்குங்கள். ஒருபக்கம் சாய்ந்து இறங்கினால் அந்தப் பக்கம் விரிசல் விடும், நீர் அதன் வழியே ஓடிவிடும். உள்விளிம்பை ஒட்டிய மண்ணை விரலால் மெதுவாக அழுத்திவிடுங்கள். நடுப்பகுதியை அழுத்தக் கூடாது.

உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து, அதன்மேல் 442 மி.லி. நீரை ஊற்றி, தாளை உருவிவிடுங்கள். இந்த விட்டத்துக்கு அது 2.5 செ.மீ. மழைக்குச் சமம். உங்கள் குழாயின் விட்டம் வேறானால் ஆரத்தை ஆரத்தால் பெருக்கி, 3.14ஆலும் 2.5ஆலும் பெருக்கினால் மி.லி. கிடைத்துவிடும். நீர் முழுக்க இறங்கி மண் ஈரப்பளபளப்போடு தெரியும் நொடிவரை நேரம் எடுங்கள். முதல் ஊற்று மண்ணை நனைக்க மட்டும். இரண்டாவதிலிருந்து எழுதிக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த இரண்டு ஊற்றுகளுக்கு ஏறத்தாழ ஒரே நேரம் ஆகும்வரை தொடருங்கள். ஓர் இடத்துக்கு நான்கைந்து ஊற்று, ஒரு மரத்தடிக்கு ஐந்து இடம் என்றால் மரத்துக்கு 11 லிட்டர் நீர் சுமக்க வேண்டியிருக்கும்.

2.5 செ.மீ. நீர் 6 நிமிடத்தில் இறங்கினால் மணிக்கு 250 மி.மீ. வேகம், 30 நிமிடம் ஆனால் மணிக்கு 50 மி.மீ. வடகிழக்குப் பருவத்தின் வலுத்த மழை அந்த 50ஐச் சில நிமிடங்களுக்காவது தாண்டிவிடும், தாண்டியது அத்தனையும் வழிந்தோடும். ஒற்றை வளையத்தில் நீர் பக்கவாட்டிலும் பரவுவதால் எண் உண்மையைவிடக் கூடுதலாகத்தான் வரும். அதனால் இதை வேறு ஊர் ஆய்வு எண்ணோடு ஒப்பிடாதீர்கள். ஒரே வளையத்தால் ஒரே வாரத்தில் அளந்த உங்கள் எண்களை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள்.

ஐந்தில் ஓரிடத்தில் நீர் ஊற்றிய வேகத்திலேயே மறைந்துவிடும். வளையம் எலிவளைமேல் உட்கார்ந்துவிட்டது என்று பலர் அந்த எண்ணை அடித்துவிடுவார்கள். எலிவளையாகவோ விளிம்புக் கசிவாகவோ இருந்தால் அடிக்கலாம். ஆனால் தோண்டிப் பார்த்து, மட்கிய வேர் விட்டுப்போன துளையோ மண்புழு வழியோ இருந்தால் அந்த எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். கனமழையில் நீர் ஆழம்வரை இறங்குவது பெரும்பாலும் இப்படிப்பட்ட துளைகள் வழியேதான். இந்த மரவகை எவ்வளவு துளை போட்டிருக்கிறது என்பதைத்தானே அளக்க வந்தோம்!

டின் சோதனை

வளையம் வேகத்தைச் சொல்லும். எவ்வளவு தங்குகிறது என்பதை டின் சொல்லும். 7 செ.மீ. விட்டமும் 7 செ.மீ. உயரமும் உள்ள டின்னின் இரண்டு மூடிகளையும் வெட்டி எடுத்துவிடுங்கள். கொள்ளளவு சுமார் 269 கன செ.மீ. நல்ல மழை பெய்து இரண்டு நாள் வடிந்தபின், டின்னை மண்ணில் முழுக்க இறக்கி, சுற்றிலும் தோண்டி எடுத்து, மேலும் கீழும் கத்தியால் மட்டமாகச் சீவி, மண்ணை எடைபோடுங்கள். பிறகு ஓவனில் 105 டிகிரியில் ஒரு நாள் உலர்த்தி மறுபடி எடைபோடுங்கள்.

ஈரமண் 430 கிராம், உலர்மண் 376 கிராம் என்று வைப்போம். நீர் 54 கிராம். 269ஆல் வகுத்தால் 20 விழுக்காடு. அதாவது 30 செ.மீ. ஆழ மண்ணில் 60 மி.மீ. நீர், ஏக்கருக்கு 2.4 லட்சம் லிட்டர். சருகு பிடித்த 8,000 லிட்டரை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மரவகையை மாற்றி இந்த 20ஐ 23 ஆக்க முடிந்தால், ஒவ்வொரு நல்ல மழைக்கும் ஏக்கருக்கு 36,000 லிட்டர் கூடுதலாகத் தங்கும்.

அதே டின்னில் மண்ணின் அடர்த்தியும் கிடைக்கிறது: 376ஐ 269ஆல் வகுத்தால் 1.4. செம்மண்ணில் இது 1.3க்குக் கீழே வந்தால் மகிழலாம். 1.6ஐத் தாண்டினால் வேர் திணறும். கல் அதிகமான மண்ணில் டின் சரிவராது. கல்லின் எடை எல்லாக் கணக்கையும் கெடுத்துவிடும்.

மண்கட்டியும் மண்புழுவும்

நிழலில் நன்றாகக் காயவைத்த, பட்டாணி அளவு மண்கட்டிகள் பத்தை டீ வடிகட்டியில் வைத்து நீரில் ஐந்து நிமிடம் அமிழ்த்துங்கள். நொடிகளில் கரைந்து சேறானால், முதல் மழையிலேயே மேற்பரப்பு பூசி மெழுகியதுபோல் அடைத்துக்கொள்ளும். முழுசாக நின்றால் மட்கும் பூஞ்சை இழையும் வேர்ப் பசையும் கட்டியைப் பிடித்து நிறுத்தியிருக்கின்றன. மணலில் கட்டியே சேராது, அங்கே இந்தச் சோதனையை விட்டுவிடலாம்.

மழைக்காலத்தில் 25 செ.மீ. நீளம், அகலம், ஆழம் உள்ள குழியின் மண்ணைச் சாக்கில் கொட்டிக் கையால் உதிர்த்துப் புழுக்களை எண்ணுங்கள். 16ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கான எண்ணிக்கை. எண்ணியபின் புழுக்களைக் குழியிலேயே விட்டு மூடிவிடுங்கள்.

எண்களுக்குப் பின்னால் இருக்கும் மரம்

போலந்தில் ஒரே மண்ணில் 14 மரவகைகளை அருகருகே நட்டு, ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்குப் பின் மண்ணை ஆராய்ந்தார்கள். இலைச்சருகில் சுண்ணாம்புச்சத்து அதிகமுள்ள மரங்களின் கீழே மண்புழு அதிகம், மண்ணின் அமிலத்தன்மை குறைவு என்று தெரிந்தது. மண் ஒன்றாகவே இருந்தது. மாறியது மரம் மட்டும். நம் ஊர் மரங்களை இந்தக் கண்ணோடு பார்க்கலாம்.

ஆல், அரசு, அத்தி, குமிழ் ஆகியவற்றின் இலையில் சுண்ணாம்புச்சத்து நிறைய. புங்கம், வாகை, கிளைரிசிடியா, அகத்தி ஆகியவை வேர்முடிச்சில் தழைச்சத்தைச் சேர்ப்பவை. இலை மெல்லியது, சீக்கிரம் மட்கும். வேம்பும் இந்தப் பக்கம்தான் சேரும். இவற்றின் கீழே புழுவும் துளையும் விரைவில் வரும். ஆனால் கோடைமழை கொட்டும் நேரத்தில் தரையை மூடச் சருகு மிஞ்சாது. நாவல், இலுப்பை, மா இலைகள் தடித்தவை, மெதுவாக மட்குபவை. தரைக்கு நீண்ட நாள் போர்வை. ஆகவே வேகமாக மட்கும் இலையும் தாமதமாக மட்கும் இலையும் கலந்து விழ வேண்டும். கோயில்காட்டு மண்ணின் பலம் இந்தக் கலவையில் இருக்கிறது, ஏதோ ஓர் அதிசய மரத்தில் இல்லை.

தேக்கைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அகன்ற இலையில் மழைநீர் திரண்டு பெரிய துளியாக உயரத்திலிருந்து விழும்போது, திறந்தவெளி மழையைவிடப் பலமாக மண்ணை அடிக்கிறது. கீழே புதரோ புல்லோ சருகோ இருந்தால் பிரச்சினை இல்லை. தனித்தேக்குத் தோப்பில் அடியைச் சுத்தமாக வைப்பதும், கோடையில் சருகுக்குத் தீ வைப்பதும் வழக்கம். அங்கே சரிவில் நின்று பாருங்கள்: கூழாங்கல் ஒவ்வொன்றும் சின்ன மண்தூண்மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும். கல்லின் அடிமண் தங்கிவிட்டது, சுற்றியிருந்த மண் போய்விட்டது. அந்தத் தூணின் உயரம்தான் நீங்கள் இழந்த மண்.

சவுக்கும் வேரில் தழைச்சத்தைச் சேர்க்கும் மரந்தான், ஆனால் அதன் ஊசிச்சருகு மெத்தையாகக் கிடந்து மெதுவாக மட்கும். கடற்கரை மணலைக் கட்டிப்பிடிக்க அது நல்லது. அறுவடையின்போது சருகையும் வேரையும் வாரி எடுத்துவிட்டால் மண்ணுக்கு மிச்சம் ஒன்றுமில்லை.

தைலமரம், அதாவது புதுக்கோட்டைப் பக்கத்து ஆர்.எஸ்.பதி, இரண்டு பக்கமும் இழப்பு தருகிறது: மேல்மண் நீரை ஏற்கத் தயங்குகிறது, வேர் ஆழத்து ஈரத்தைத் தேடிப் போகிறது. கர்நாடகத்தில் ஹொசகோட்டே அருகே ஆழமான மண்ணில் நடந்த அளவீட்டில், தைலமரம் அந்த ஆண்டுகளில் பெய்த மழையையும் விஞ்சி, மண்ணில் முன்பே சேர்ந்திருந்த ஈரத்தையும் எடுத்தது தெரிந்தது. கர்நாடக அரசு 2017இல் புதிதாகத் தைலமரம் நடுவதைத் தடைசெய்தது. ஆழம் குறைந்த பாறைநிலத்தில் அதன் குடிப்பு மற்ற மரங்களைவிடப் பெரிதாக மிஞ்சுவதில்லை, ஏனென்றால் எட்டிக் குடிக்க அங்கே ஒன்றுமில்லை.

சீமைக்கருவேலத்தை அகற்றுகிறவர்கள் கவனிக்க: பழைய கருவேலத்தடி மேல்மண் பெரும்பாலும் சுற்றியுள்ள பொட்டலைவிட வளமானது. பொக்லைனை விட்டு அடிமண்ணை மேலே புரட்டிப்போட்டால் மரத்தோடு அந்த வளமும் போய்விடும். தூரை மட்டும் தோண்டி எடுத்து, மேல்மண்ணைத் திரும்பக் குழியின் மேலே போடுங்கள்.

ஒரு ஏக்கரில் நடுவது

5 மீட்டருக்கு 5 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 160 குழி வரும். அதில் 60 குழிக்குப் புங்கம், வாகை, வேம்பு; 60 குழிக்கு நாவல், இலுப்பை, பாலை, வீரை போன்ற தடித்த இலை மரங்கள்; மிச்சத்தில் அத்தி, குமிழ், உங்கள் ஊர்க் கோயில்காட்டில் இருக்கும் வேறு வகைகள். ஆலும் அரசும் ஏக்கருக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம், மூலையில் வையுங்கள். வரிசைக்கு ஒரு வகை என்று நடாமல் கலந்து நடுங்கள், சருகு கலந்து விழ வேண்டும் அல்லவா. வரப்போரம் கிளைரிசிடியாவை நெருக்கமாக ஊன்றி, ஆண்டுக்கு மூன்று முறை கழித்து, அந்தத் தழையை இளங்கன்றுகளுக்கு மூடாக்காகப் போடுங்கள்.

ஆடியில் 60 செ.மீ. குழி எடுத்து ஆறவிட்டு, ஐப்பசியில் மழை இரண்டு முறை நனைத்தபின் நடலாம். மூடாக்கு 10 செ.மீ. கனம், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. தண்டை ஒட்டிப் போட்டால் பட்டை அழுகும், கரையான் ஏறும். இடைவெளியில் கொழுக்கட்டைப்புல்லை வளரவிடுங்கள். முதல் மூன்று நான்கு ஆண்டு மண்ணைத் துளைபோடுவது மரவேரைவிடப் புல்வேர்தான். டிராக்டரை உள்ளே விடக் கூடாது. ஓர் உழவு போதும், புழு போட்ட வழிகள் எல்லாம் அறுந்துபோகும்.

பிறகு கலைப்பு. இதில்தான் மனம் வராது. 7, 8 ஆண்டில் கிளைகள் ஒன்றையொன்று தொடும்போது மூன்றில் ஒரு மரத்தை எடுத்துவிடுங்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா பாசோவில் நடந்த ஆய்வில், மரமே இல்லாத இடத்திலும் நிலத்தடிக்கு நீர் இறங்குவது குறைவு, மரம் மிக அடர்ந்த இடத்திலும் குறைவு; இடைப்பட்ட அளவில் மரம் இருந்த இடத்தில்தான் அதிகம் என்று தெரிந்தது. வறண்ட நிலத்துக்கு இது முக்கியமான பாடம். அடர்காடு முறையில் ஏக்கருக்குப் பல ஆயிரம் கன்று நெருக்கி நடுவது நிழலுக்கும் பறவைக்கும் ஆகலாம். கிணறு ஊற வேண்டும் என்பது நோக்கமானால் 700, 800 மி.மீ. மழை உள்ள ஊரில் அது சரியான வழி அல்ல.

மலையில்

நீலகிரி, பழனி மலை உச்சிகளில் கணக்கு தலைகீழ். அங்கே மடிப்புகளில் சோலை, மேட்டில் புல்வெளி. உறைபனியும் காற்றும் தீயும் காக்கும் அந்தப் புல்வெளியைக் காலியிடம் என்று நினைத்து, பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் கற்பூர மரமும் (மலையில் தைலமரத்துக்கு இந்தப் பெயர்), சீகையும் (வாட்டில் மரம், சீகைக்காய் அல்ல), பைனும் நட்டார்கள். நீலகிரியில் கிளன்மார்கனில், அருகருகே இருந்த இரண்டு நீர்ப்பிடிப்புகளில் ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றொன்றின் பாதிக்கு மேல் 1972இல் கற்பூர மரம் நட்டு, ஓடையை மத்திய மண், நீர்வள ஆராய்ச்சி நிறுவனம் அளந்தது. முதல் பத்தாண்டில் நீர்வரத்து சுமார் 16 விழுக்காடு குறைந்தது. வெட்டி மறுதளிர் வந்தபின் இரண்டாவது சுற்றில் சுமார் 25 விழுக்காடு. கோடையில் ஓடும் நீர் அதைவிடக் கூடுதலாகக் குறைந்தது. ஆகவே மலைப் புல்வெளியில் எந்த மரமும் நடக் கூடாது, சோலை மரமாக இருந்தாலும்.

ஏற்கனவே சீகை நிற்கும் சரிவை ஒரே மூச்சில் மொட்டையடிப்பதும் தவறு. சீகை விதை மண்ணில் பல்லாண்டு உயிரோடு கிடக்கும். வெயிலும் தீயும் பட்டதும் கீரை விதைத்ததுபோல் முளைத்து வரும். முன்பு புல்வெளியாக இருந்த இடமென்றால், சிறு பகுதியாக வெட்டி, உடனே உள்ளூர்ப் புல்தூர்களை 30 செ.மீ. இடைவெளியில் ஊன்றி, முளைக்கும் சீகையை ஐந்தாறு ஆண்டு விடாமல் பிடுங்க வேண்டும். சோலை ஓரமென்றால் வெட்டவே வேண்டியதில்லாமல் போகலாம். பழனி மலையில் சீகைக்காட்டு நிழலில் சோலைக் கன்றுகள் தாமாகவே முளைத்திருக்கின்றன. அங்கே கன்றுகளுக்கு மேலே இருக்கும் சீகையை மட்டும் பட்டை உரித்து நின்றபடி காயவிட்டால் போதும். வனத்துறை நிலமானால் இதில் எதற்கும் முன் அனுமதி வேண்டும்.

மறுபடி அளப்பது

நட்ட ஆண்டு எடுத்த எண்களைப் பத்திரமாக வையுங்கள். அளந்த இடத்தில் ஒரு கல்லை நட்டு, அடிமரத்திலிருந்து தூரத்தையும் திசையையும் எழுதிக்கொள்ளுங்கள். வளையச் சோதனையில் மாற்றம் 3 முதல் 5 ஆண்டில் தெரியத் தொடங்கும். வெப்பமண்டல நாடுகளில் விளைநிலத்தில் மரம் வைத்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் நீர் புகும் வேகம் சராசரியாக மூன்று மடங்கு ஆகியிருந்தது. டின் சோதனையின் எண் மெதுவாகத்தான் நகரும், பத்தாண்டு பொறுக்க வேண்டும். ஐந்தாம் ஆண்டிலும் வளையம் அசையவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் மரவகை இல்லை: ஆடுமாடு உள்ளே வருகிறது, சருகை யாரோ அள்ளுகிறார்கள், அல்லது மேல்மண்ணுக்கு ஒரு சாண் கீழே பழைய உழவில் இறுகிய அடுக்கு அப்படியே இருக்கிறது. கடைசியதை ஒரு கம்பியைக் குத்திப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். இருந்தால் மரங்களுக்கு நடுவே 2 மீட்டருக்கு ஒன்றாகக் கடப்பாரையால் 40 செ.மீ. ஆழத் துளைகள் போட்டு, சருகை அதில் திணித்துவிடுங்கள். வேரும் கரையானும் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.